ஊட்டியில் கிடக்கும் உயிர்

நான் கதை எழுத வந்ததே, அந்த வேலையில் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால்தான். அவ்வளவு கூச்சம் பிடித்தவன். அப்படிப்பட்டவன் ஒரு முழுக் கதையைக் கொல்லிமலைச் சோளக்காடு பஸ் நிறுத்தத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

படித்தது ஐந்தாம் வகுப்பு. மிளகும் மரவள்ளியும் போக மிச்சமிருக்கும் நேரத்தில் எழுதுவேன். நான் பேனாவைத் திறந்தால் போதும், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், இல்லாவிட்டால் சொந்தக்காரர் யாராவது வருவார். (சொந்தக்காரரோடு சேர்ந்து மாட்டைத் துரத்திய நாளும் உண்டு.) அப்படியும் விடாமல், நாமக்கல்லிலிருந்து வரும் ஒரு சிறு பத்திரிகையின் போட்டிக்காக ஒரு கதையை மனதுக்குள் முழுசாகச் செய்து வைத்திருந்தேன். அதுவரை என் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான். தாளில் இறக்க வேண்டிய வாரத்தில் மிளகு பறிக்கும் ஏணி சறுக்கியது. வலது கை மாவுக்கட்டுக்குள் போய்விட்டது. இடக்கையால் எழுதிப் பார்த்தேன். கோழி கிளறியது போல இருந்தது.

சேலத்தில் படிக்கும் மகள்தான் வழி சொன்னாள். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளுமாம். எங்கள் ஊரில் டவர் கிடையாது. அதனால் கடைசி நாளன்று சோளக்காட்டுக்கு வந்தேன். அன்று பார்த்துச் சந்தை. பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி, பத்திரிகைக்காரரின் வாட்ஸ்அப்பைத் திறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆள் முகம் தெரியாவிட்டால் எனக்குக் கூச்சம் பாதி குறையும்.

அது சோகக் கதை. சண்டை போட்டுப் பிரிந்த புருஷன் பெண்டாட்டியைப் பற்றியது. நாங்கள் வீட்டை ஊடு என்போம், கதையிலும் அப்படியே பேசுவார்கள். கதாநாயகிக்கு வேறு பெயர் தோன்றாமல் என் மனைவி பழனியம்மாவின் பெயரையே வைத்திருந்தேன்.

"பழனியம்மா, என்னைய ஊட்டுக்கு வராதன்னு சொல்லிட்டியே. ஊட்டுக்கு வராம நா எங்க போவேன்? ஊட்டுலதான என் உசுரு கெடக்குது."

ஆகா, எழுத்தாளன் ஆகிவிட்டோம் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணீர்கூட வந்தது. அப்போது தோளில் ஒரு கை விழுந்தது.

பலாப்பழம் விற்கும் பாப்பாயி. "அழுவாதீங்கண்ணா. ரெண்டு சொளை தின்னுங்க. பழனியம்மாளக் கூட்டியாரச் சொல்லி பைக்குல ஆள் உட்ருக்கறேன்."

கண்ணைத் திறந்தால் சந்தையே என்னைச் சுற்றி நிற்கிறது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் இறங்கி வந்து, "டிக்கெட் வேண்டாங்க, ஏறுங்க. நானே ஊட்டுல உட்டுட்டுப் போறேன்" என்றார்.

இது கதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. இன்று விட்டால் போட்டி போய்விடும் என்ற பயத்தில், மறுபடி கண்ணை மூடிக்கொண்டு மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கதாநாயகன் ஆற்றங்கரையில் நின்று புலம்பும் இடம் அது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் விசும்பினார்கள்.

கடைசி வரியை முடிக்கவும் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மரவள்ளிக் காட்டிலிருந்து அப்படியே ஏறி வந்த பழனியம்மா, கையில் களைக்கொத்தோடு இறங்கினாள். அதைப் பார்த்த பதற்றத்தில் என் விரல் அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டது.

"ஏனுங்க, உங்கள ஊட்டுக்கு வராதீங்கன்னு நா எப்பங்க சொன்னேன்?"

போனை நீட்டினேன். என்னைவிட மூன்று வகுப்பு அதிகம் படித்தவள். ஊர் கேட்க வாசித்தாள்.

"பழனியம்மா என்னைய ஊட்டிக்கு வராதன்னு சொல்லிட்டியே. ஊட்டிக்கு வராம நா எங்க போவேன். ஊட்டியிலதான என் உசுரு கெடக்குது. அழுவாதீங்கண்ணா ரெண்டு சொளை தின்னுங்க..."

நிறுத்தினாள். களைக்கொத்து லேசாக உயர்ந்தது.

"ஊட்டியில யாருங்க அவ?"

போனுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை, இது போட்டிக்கான கதை என்று நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும், முதலில் சிரித்தவள் பழனியம்மாதான். கண்டக்டர் சிரித்து முடிக்கும்வரை பஸ் கிளம்பவில்லை.

அடுத்த மாதம் பத்திரிகையிலிருந்து பேசினார்கள். கொல்லிமலைக்காரன் விடாமல் ஊட்டிக்கு அழுவதும், நடுநடுவே பலாச்சுளை வருவதும் பிரமாதமாம். நகைச்சுவைப் பகுதியில் போடுகிறார்களாம். நான் அழுதுகொண்டே சொன்ன கதை! "சரிங்க" என்றேன். (வேறென்ன சொல்வது, பெயர் அச்சில் வருகிறதே!)

கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது. பேனா பழையபடி கைக்கு வந்துவிட்டது, தினமும் எழுதுகிறேன். மாடு இன்னும் அறுத்துக்கொண்டுதான் ஓடுகிறது, பழனியம்மா துரத்துகிறாள். யாராவது என்னைத் தேடி வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "அவரு ஊட்டியில இருக்கறாருங்க, பொறவு வாங்க" என்று அனுப்பிவிடுகிறாள். உள்ளே நான் மூச்சுக் காட்டாமல் எழுதிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் வந்த அவளுடைய சித்தப்பா அதை அப்படியே நம்பி, வரும்போது ஊட்டி வர்க்கி வாங்கிவரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.