நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சொல்லியாயிற்று

கைதட்டல் வாங்கிப் பழகாத மனுசனுக்குக் கைதட்டலைக் காட்டக் கூடாது. இது நானே கண்டுபிடித்த உண்மை. (நான் கண்டுபிடித்த மற்ற உண்மைகளை எழுத இந்தப் பக்கம் காணாது.)

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு ஸ்பனரோடு தொழில் தொடங்கினேன். இன்றைக்குப் புத்தூரில் எந்தக் கிணற்றடியில் வாட்டர் பம்ப் இருமினாலும் என்னைத்தான் தேடுவார்கள். சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம், எங்கே பழுது என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் மேசையில் எப்போதும் நாலு பம்ப் பாதி கழற்றியபடி கிடக்கும். ஒன்றைக் கழற்றும்போதே மற்றதன் யோசனை வந்துவிடும். அதைத் திறமை என்றுதான் நினைத்திருந்தேன்.

லண்டனில் இருக்கும் என் ஒரே மகள் சுகந்திக்கு, அவளுடைய நாற்பதாவது வயதில், ஒரு டொக்டர் அதற்குப் பெயர் சொன்னார். ஏடிஎச்டி. கவனம் ஓரிடத்தில் தரிக்காமல் ஓடுகிற நிலை.

"அப்பா, இது பரம்பரையாயும் வருமாம். நீங்களும் ஒருக்காக் காட்டுங்கோ."

"என்னட்டை இருந்து உனக்கு வந்தது மூளை மட்டுந்தான்."

காட்டினேன். யாழ்ப்பாணத்து டொக்டர் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். நடுவில் அவருடைய மின்விசிறி கரகரத்தது. அதைத் திருத்த நான் கதிரையில் ஏறிவிட்டேன். அதற்குமேல் அவர் கேள்வி கேட்கவில்லை.

இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதலாம். ஆனால் போன வருசம் என் மனைவி பவளத்தின் திவசத்தன்று, ஐயரைக் கூட்டிவரப் போன நான், வழியில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் பம்ப் இருமுவதைக் கேட்டு இறங்கினேன். பொழுதுபடத்தான் வீடு வந்தேன். ஐயரும் இல்லை, படையலும் இல்லை. சுகந்தி போனில் அழுதாள்.

"வாற வருசமும் இப்பிடியெண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை வந்திடுங்கோ. தனிய விடேலாது."

லண்டனில் கிணறு இல்லை. அங்கே எனக்கென்ன வேலை?

அதற்காகத்தான் அவள் என் போனில் அந்தச் செயலியைப் போட்டாள். எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்ததாம். பெரிய வேலையைச் சின்னத் துண்டுகளாக்கித் தரும். ஒரு துண்டு முடிந்ததும் திரையில் விரலால் அமத்தினால் சரி அடையாளம் விழும், நட்சத்திரம் வரும், ஒரு கூட்டமே கைதட்டும். மத்தியானம் நான் தனியச் சாப்பிட இருக்கும் நேரம் பார்த்து அழுவதிலிருந்து சிரிப்பது வரை நாலு மூஞ்சிகளைக் காட்டி, இன்றைக்கு எப்படி என்று கேட்கும். நான் எதை அமத்தினாலும் லண்டனில் அவளுக்குத் தெரியும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அது உதவியது. பாதியில் கிடந்த பம்புகளில் மூன்று எழும்பி ஓடின. திவசத்துக்குச் சுகந்தி தமிழில் பட்டியல் போட்டாள். ஐயர், பந்தல், சமையல்காரர், வாழையிலை எல்லாம் ஒழுங்காக முடித்து ஒழுங்காகக் கைதட்டலும் வாங்கினேன். மிஞ்சியது ஊருக்குச் சொல்வது. எங்கள் பக்கத்தில் திவசமென்றால் வீடு வீடாகப் போய், வாசல் படலையடியில் நின்றாவது வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முன்வீட்டுக்காரனும் வரமாட்டான். நாற்பத்திரண்டு வீட்டையும் அவள் நாற்பத்திரண்டு வரியாகப் போட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் மழை. பவளம் இருந்திருந்தால் ரேடியோவோடாவது சண்டை பிடித்துக்கொண்டு இருப்பாள். வீட்டில் ஒரு சத்தமில்லை. நாளைக்குப் போகத்தானே போகிறேன் என்று முதல் வீட்டை அமத்தினேன். கைதட்டல். விறாந்தையில் ஆட்கள் வந்து இருந்த மாதிரி இருந்தது. இரண்டாவது வீட்டை அமத்தினேன். பிறகு மூன்றாவது. நாற்பத்திரண்டாவதுக்கு ஒரு தங்கக் கோப்பை வந்து, வாணமும் விட்டது. அறுபத்தேழு வயதில் எனக்குக் கிடைத்த முதல் கோப்பை!

உடனே போன் அடித்தது.

"அப்பா! நாப்பத்திரண்டு வீடும் ஒரே நாளிலையோ?"

"நான் ஆரெண்டு நினைச்சாய்?"

"மழைக்குள்ளையோ?"

"மழை எனக்கு எந்த மூலைக்கு?"

விடிய எழும்பிப் போயிருப்பேன். விடிய திருத்த ஒரு பம்ப் வந்தது. பிறகு பட்டியலைப் பார்த்தேன். எல்லா வரியிலும் சரி. அந்தச் சரியை நானே நம்பிவிட்டேன்.

திவசத்தன்று ஐயர் வந்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், போனார். பவளத்தின் படத்துக்கு முன்னால் படையல், அவளுக்குப் பிடித்த பயற்றம் பணியாரத்தோடு. நூறு பேருக்குச் சோறு. பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. காகம் மட்டும் சொல்லாமலே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது.

"அண்ணை, சனம் எங்கை?" என்றார் சமையல்காரர் செல்லையா.

"வருவினம்."

"இலை வாடுது."

அந்த நேரம் பார்த்துச் சுகந்தி வீடியோவில் வந்தாள்.

"ஆக்களைக் காட்டுங்கோ அப்பா."

"அம்மான்ரை படத்தைப் பார். மாலை வடிவோ?"

"வடிவு. ஆக்களைக் காட்டுங்கோ."

போனைத் திருப்பினேன். பந்தலுக்குள் நூறு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் செல்லையாவின் துவாய்.

"அப்பா, சொன்னனீங்களோ, அமத்தினனீங்களோ?"

"அது கை தட்டிச்சுது, பிள்ளை."

அவள் கண்ணைத் துடைத்தாள். முடிந்தது, இனி லண்டன்தான் என்று நினைத்தேன்.

"சைக்கிளை எடுங்கோ. போனைப் பொக்கற்றிலை வையுங்கோ. நான் லைனிலை இருக்கிறன். முதல் ஆர்?"

"முன்வீட்டு ரத்தினம்."

ரத்தினம் மினுக்கின வேட்டி, பூசின திருநீற்றோடு கதிரையில் இருந்தான்.

"ரத்தினம், பவளத்தின்ரை திவசம். வா."

"எப்ப?"

"இப்ப."

"காலமை துவக்கம் வேட்டியைக் கட்டிக்கொண்டு இருக்கிறன். பந்தலைப் பாத்தன். சாம்பார் மணமும் வந்தது. நீ வந்து சொல்லேல்லை. சொல்லாமல் என்னெண்டு வாறது?"

"வீட்டிலை சமைக்கேல்லையோ?"

"உன்ரை சாம்பார் மணக்கேக்கை இஞ்சை ஆர் சமைக்கிறது?" ஏசிக்கொண்டே செருப்பைத் தேடினான்.

பொக்கற்றுக்குள் இருந்து குரல் வந்தது: "அடுத்தது ஆர், அப்பா?"

நாற்பத்திரண்டு படலை. வெயிலில் சைக்கிள் மிதித்தேன். "கூப்பிட வந்தனியோ, மிஞ்சின சோத்தைத் தள்ள வந்தனியோ?" என்று கேட்டவர்களும் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பொக்கற்றுக்குள் சுகந்தி "வாங்கோ மாமி, வாங்கோ பெரியப்பா" என்று கெஞ்சினாள். மூன்று மணிக்கு ஆறின சோற்றை ஊரே இருந்து சாப்பிட்டது. நூறு கதிரையும் காணாமல் ரத்தினம் நின்றான்.

லண்டன் கதையைச் சுகந்தி பிறகு எடுக்கவில்லை. ஆனால் ஊரில் நான் பம்ப் சரியென்று சொன்னால், "திருத்தினனியோ, அமத்தினனியோ?" என்கிறார்கள். பல்லுத் தீட்டியாச்சு என்று சொல்லும் பேரனிடம் சுகந்தியும் அதைத்தான் கேட்கிறாளாம்.

மத்தியானம் இப்போதும் நாலு மூஞ்சி வரும். சோற்றுக்கு முன்னால் தனிய இருந்து, விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சியை அமத்துவேன். ஐந்து நிமிசத்தில் போன் அடிக்கும்.

"அப்பா, சிரிச்சனீங்களோ, அமத்தினனீங்களோ?"

"அமத்தினனான் பிள்ளை. இப்பதான் சிரிக்கிறன்."