மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு கார்

சைக்கிளுக்குப் பின்னால் காரை உருட்டிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்ரீபெரும்புதூர் ஏரியைத் தாண்டுவதற்குள் சபாபதிக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த கம்பெனி பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்," என்றாள் மனைவி ராஜலட்சுமி.

"போனா அவனைத் தாண்டிடுவேன். அப்புறம் எங்க வேவு பாக்கறது?"

சைக்கிளில் போகிற ஸ்ரீதர்தான் மகள் பூர்ணிமாவுக்கு வந்திருக்கும் வரன். போட்டோவில் பார்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் ஊராக ஏரி சுற்றுவான் என்று தரகர் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். ஒரே பெண். சபாபதிக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் பையன் நின்றான். திரும்பித் திரும்பிப் பார்த்தான். வல்லக்கோட்டைக்குப் பக்கத்திலும் அப்படியே.

"எவளுக்கோ காத்துக்கினு கீறான்," என்றாள் ராஜலட்சுமி.

"இரு, மறைஞ்சு நின்னு பாத்துடலாம்."

சபாபதி காரை ரோட்டிலிருந்து இறக்கிக் கருவேல மரங்களுக்குள் விட்டார். கார் நன்றாகவே மறைந்தது. கூடவே முன்சக்கரங்கள் சேற்றில் புதைந்தன.

கண்ணாடியைத் தட்டியது ஸ்ரீதர். "தள்ளட்டுமா சார்?"

தள்ளினான். சட்டையெல்லாம் சேறு. "இந்தப் பக்கம் எங்க சார்?"

"பிளாட்டு பாக்க வந்தோம்பா," என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார் சபாபதி.

"படப்பையில நெறைய கீது சார். என் பின்னாடியே வாங்க."

இனிமேல் பின்தொடராமல் இருக்க வழியே இல்லை. படப்பையில் உச்சிவெயிலில் மனை மனையாக ஏறி இறங்கி, வாசல் எந்தப் பக்கம், தண்ணீர் உப்பா என்றெல்லாம் விசாரித்து ஓய்ந்தார்கள். இருவரையும் ஒரு டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு ஸ்ரீதர் சேற்றைக் கழுவப் போனான்.

"பாத்தியா ராஜி, நாம யாருன்னே அவனுக்குத் தெரியாது. அப்பவும் இவ்ளோ பண்றான். இதான் நெஜமான கொணம்," என்று சபாபதி பூரித்துப்போய் தரகரைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரி கனகம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எந்தப் பொண்ணு வூடு சார்? வாராவாரம் ஒரு காரு வருது. பின்னாடி வர்றவங்க வழி தவறிடக் கூடாதுன்னு, தம்பி ஏரிக்கு ஏரி நின்னு பாத்துத்தான் கூட்டியாரும்."