பொறுங்க டாக்டரின் முழங்கை

இந்த உலகத்தில் ஒன்றுமே செய்யாமல் மனிதர்களை அலற வைக்கவும், அடுத்த நிமிஷமே தூங்க வைக்கவும் தெரிந்த ஒரே ஆள் எங்கள் திண்டுக்கல் 'பொறுங்க டாக்டர்'தான். படித்தது பிசியோதெரபி. முப்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். அவளுடைய சொந்தப் பெயர் போர்டில் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் என் வலது கை தோளுக்கு மேல் ஏற மறுத்துவிட்டது. ஸ்கேன் பார்த்த பெரிய டாக்டர், "எலும்பு நல்லாருக்கும்மா. தசையும் அத மூடியிருக்குற சவ்வும்தான் இறுகிப்போச்சு" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தலை சீவ முடியவில்லையே! யாரிடமும் ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தரச் சொல்லாதவள் நான். தினமும் காலையில் வீட்டுக்காரர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார வேண்டியதாயிற்று. அவர் பின்னிய சடையில் ஒரு மாட்டைக் கட்டலாம். "இம்புட்டு முடி எதுக்கு? கிராப்பு வெட்டிரலாம்ல?" என்று அவர் யோசனை சொன்ன அன்றே, பூட்டுக் கடை மாடியிலிருந்த பொறுங்க டாக்டரிடம் ஓடினேன். என் தலையை என் கையால் சீவ வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பிடித்துவிடப் போகிறார்கள் என்றால் எண்ணெய் இல்லாமலா? ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கடை போடுகிற அளவுக்குப் பாட்டில்கள் நின்றன.

"எண்ணெ போட்டா கை வழுக்கிரும்மா. தோலு கையோட சேந்து நகரணும். போறப்ப மறக்காம எடுத்துட்டுப் போங்க, வெஞ்சனம் தாளிக்க ஆகும்."

படுக்க வைத்தாள். தோள்பட்டைக்குப் பின்னால் முழங்கையை ஊன்றினாள். நின்றாள். உருட்டவில்லை, தேய்க்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், கண்ணை மூடியிருக்கிறாள்!

"ஏத்தா, தூங்கிட்டியா?"

"பொறுங்க."

"உசுரு போகுதுத்தா!"

"தாங்க முடியலைன்னா சொல்லுங்க, கொறைக்கிறேன். தாங்குற மாதிரி இருந்தாப் பொறுங்க. அதுவா விடும்."

செத்த நேரத்தில் உள்ளே பிடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் முறை வந்து படுத்த பரோட்டா மாஸ்டருக்கோ இந்த வைத்தியம் பத்தவில்லை.

"என்ன டாக்டரு, மடக்குன்னு ஒரு சத்தங்கூட வரல?"

"சத்தம் வேணும்னா பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்கண்ணே."

கிளினிக்கோடு விட்டாளா? ஒருநாள் அவளோடு பஸ்சில் போனேன். முன்சீட்டில் ஒரு பூக்கார அம்மா, ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் உட்கார்ந்திருந்தார். இவள் பின்னாலிருந்து அந்தக் கழுத்தோரத்தில் விரலை வைத்துவிட்டாள்.

"எவடி அவ, என் மேல கைய வெக்கிறவ?"

"ஒரே பக்கமா கூடையத் தூக்குவீங்களாம்மா? செத்தப் பொறுங்க."

திட்டு மெல்ல மெல்லச் சுருதி இறங்கியது. பிறகு தலை தொங்கியது. இறங்க வேண்டிய செம்பட்டியைப் பஸ் தாண்டிய பிறகுதான் அந்த அம்மா விழித்தார். விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தார். மறுவாரம் கிளினிக்கில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.

இதற்கெல்லாம் மேலே ஆட்டுக் கதை. அவளுடைய அப்பா ஆட்டு வியாபாரி. அவரே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அய்யலூர்ச் சந்தையில் ஒரு முரட்டுக் கிடா வருகிறவர்களை எல்லாம் முட்டியிருக்கிறது. உதவிக்குப் போன மகள், அதன் பிடரியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கிடா கண் சொருகி, தலையைத் தொங்கப்போட்டு, நின்றபடியே தூங்கிவிட்டது. முதுகை அமுக்கிப் பார்த்து வாங்க வந்தவர்கள், "அண்ணே, ஆட்டுக்குச் சீக்கா?" என்று நகர்ந்துவிட்டார்கள்.

"ஆத்தா, நீ மனுசனப் பாரு, ஆட்ட நான் பாத்துக்கிறேன்னு அனுப்பிச்சுட்டேம்மா" என்றார் அப்பா.

நான் வாராவாரம் போனேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி வீட்டுச் சுவரில் விரல்களை மேலே மேலே ஏறவிட்டேன். ஒரு காலையில் என் கை காதைத் தாண்டி உச்சந்தலைக்கே போய்விட்டது. நானே சீவி, நானே பின்னி, நானே பூ வைத்தேன். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போட்ட இறுக்கம் வரல" என்றார்.

அவளிடம் போய்ச் சடையைக் காட்டினேன். கையைத் தூக்கி, இறக்கி, திருப்பிப் பார்த்தாள்.

"சரியாயிருச்சும்மா. பயிற்சிய மட்டும் விட்டுறாதீங்க. இனிமே வர வேணாம்."

சந்தோஷமாகத்தான் படியிறங்கினேன். ஆனால் அடுத்த வாரம் அந்த நாள் வந்தபோது வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அந்தப் பெண் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் விழுந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. கிளம்பிப் போய், "இடது தோள் குத்துதுத்தா" என்று வாய் கூசாமல் சொல்லிப் படுத்துவிட்டேன்.

அவள் இடது தோளில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடி நின்றாள்.

"இங்க ஒண்ணுமே இல்லையே. எதுக்கும்மா வந்தீங்க?"

"உன்னையப் பாக்கணும் போல இருந்துச்சுத்தா."

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.