எடை அதிகாரி எத்தனை கிலோ?

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் இப்போது எத்தனை கிலோ இருக்கிறேன்? இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எடையளவு அலுவலகத்தில் இத்தனை வருடமாக உட்கார்ந்து, ஊரிலுள்ள கடைத் தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை போட்டு அனுப்புகிறவள்தான் இதை எழுதுகிறாள் என்பதை மறந்துவிடாதே. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடு. ஊசி ஏற்றிய கையை மட்டும் அசைக்காதே.

முறைப்படி நலம் விசாரிக்க வேண்டும். இந்த வாரமும் உன் ரத்தத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்து அனுப்பினார்கள் என்று உன் மனைவி சொன்னாள். அளந்து கொடுத்த தண்ணீருக்கு மேல் நீ ஒரு மிடறுகூடத் திருடவில்லை என்றும் சொன்னாள். முதலாவதை நம்பினேன். இங்கே உன் மாமா சௌக்கியம், உன் மருமகள் சௌக்கியம், நானும் பசி நீங்கலாகச் சௌக்கியம். நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும்போது படிக்க ஒன்றும் இல்லை, உன் பட்டினிக் கதையையாவது எழுதி அனுப்பு என்று நீதான் கேட்டாய். தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்கிறவனிடம் போய் எனக்குப் பசிக்கிறது என்று சொல்ல இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. நீயே வாய்விட்டுக் கேட்ட பிறகு எனக்கென்ன? அனுபவி.

தொடக்கம் உனக்குத் தெரியும். என் சிறுநீரகம் உனக்குப் பொருந்தும் என்று சோதனை முடிவு வந்த அன்று டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது அருமையாக இருக்கிறது, அதைச் சுற்றி இருப்பதுதான் கொஞ்சம் அதிகம் என்றார். அப்போது நான் எண்பது கிலோ. எழுபத்திரண்டுக்கு வந்தால்தான் கத்தியை எடுப்பேன், அதற்கு மேல் என்றால் உங்களுக்குத்தான் ஆபத்து என்று சொல்லிவிட்டார். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிறார்கள். எழுபத்திரண்டைத் தாண்டினால் நம் ஆபரேஷன் தேதி வேறொருவருக்குப் போய்விடும். மறுபடி எப்போது கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பசியைப் பற்றிச் சொல்கிறேன். நான் இயற்பியல் படித்தவள், அது வயிற்றில் இருக்கும் ஒரு வெற்றிடம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வாரம் அங்கேதான் இருந்தது. பிறகு மெல்லக் கிளம்பி மூக்குக்குக் குடிவந்துவிட்டது. மேல் வீட்டில் வெங்காயம் எந்தப் பதத்தில் வதங்குகிறது என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே என்னால் சொல்ல முடியும். அடுப்பை இன்னும் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று அந்த அம்மாளிடம் சொல்ல மாடிப்படி வரை போய்த் திரும்பியிருக்கிறேன். அலுவலகத்தில் இன்னும் மோசம். ஒரு பேக்கரித் தராசு சோதனைக்கு வந்தது. வெண்ணெய் வாசம் அடிக்கிற தராசை மற்றவர்கள் ஒருமுறை சோதித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். நான் பொறுப்பானவள் என்பதால் மத்தியானம் வரை சோதித்தேன். தட்டின் விளிம்பில் ஒரு கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. எடையில் பிழை வரும் என்று அதைச் சுரண்டி எடுத்தேன். எடுத்து எங்கே போட்டாய் என்று கேட்காதே.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது வீட்டுத் தராசு. நின்று எடை பார்க்கும் முள் தராசு ஒன்று வாங்கி, வீட்டுக்குக்கூடக் கொண்டுவராமல் நேராக அலுவலகத்துக்கு எடுத்துப் போய், எங்கள் எடைக்கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கிச் சோதித்தேன். பிசகே இல்லை. வீட்டுச் சாமானுக்கு அரசாங்க முத்திரை போடுவது குற்றம் என்பதால் முத்திரை மட்டும் போடவில்லை. மனத்தில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. முத்திரை போட்ட மறுநாளே கைவைத்துவிடுவார்கள், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவள் நான்.

அந்தத் தராசு என்னைப் படுத்திய பாட்டைக் கேள். ஒரு வாரம் முழுக்கச் சுரைக்காயை அவித்து உப்பில்லாமல் தின்றேன். வயிறு ஒட்டிப் போனது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது, முகத்தில் வெளிச்சம் என்று பக்கத்து மேசைக்காரி சொன்னாள். ஏறி நின்றால் ஒரு கிலோ கூடியிருக்கிறது. சரி, ஆறாகக் குடித்த தண்ணீராக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். பிறகு எங்கள் மேலதிகாரி மாற்றலாகிப் போனார். அவருடைய பிரிவுபசார விழாவில் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டேன். சரி, இரண்டு துண்டு. வீட்டுக்கு வந்து, தம்பிக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் காலை பயந்துகொண்டே ஏறினேன். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று தள்ளிவிடுகிறவள்தான் நான். அடுத்த வாரம் வெள்ளரிக்காய் தின்று நிமிர்ந்து நடந்தேன், கூடியது. யாருடைய பிறந்தநாளுக்கோ அலுவலகத்தில் கேக் வந்தது, தின்றுவிட்டு அழுதேன், குறைந்தது. இந்த வயதுக்கு மேல் சில உடம்புகளுக்குக் கேக் மருந்தாக வேலை செய்யக்கூடும் என்று ஒரு கருத்து எனக்குள் உருவாகத் தொடங்கியது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கேக் தின்று உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்றிருந்தேன்.

இன்று காலை காரணம் வெட்டவெளிச்சமானது. ஞாயிற்றுக்கிழமை என்று கொஞ்சம் தாமதமாக எழுந்து குளியலறைப் பக்கம் போனால், உன் மாமாவும் மகளும் தரையில் மண்டியிட்டுத் தராசைக் கவிழ்த்துப் போட்டு, ஒரே திருப்புளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"தூசி தட்டறேன்," என்றார் உன் மாமா.

"பொய்மா. அப்பா குறைச்சு வெக்கறார்."

"இவ ஏத்தி வெக்கறா. அதைக் கேளு முதல்ல."

தராசின் அடியில் ஒரு சின்னத் துளைக்குள் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் சுருள்வில்லின் இறுக்கம் மாறும். முள் பூஜ்யத்தில் யோக்கியமாக நிற்கும், ஆள் ஏறினால் மட்டும் பொய் சொல்லும். கள்ளத் தராசு வைத்திருக்கிறவர்கள் கைவைக்கிற இடம் அது. அந்த இடம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கலாம். நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், எத்தனையோ ராத்திரி, கடைக்காரர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள், நான் எப்படியெல்லாம் பிடித்தேன் என்று பெருமையடித்தபோது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். கவனிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

எப்போதெல்லாம் திருகினீர்கள் என்று விசாரித்தேன்.

"நீ மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்தப்பல்லாம்," என்றார் அவர். "பாவமா இருந்துச்சு."

"நீ சிரிச்சப்பல்லாம்," என்றாள் இவள். "வந்துடுச்சுன்னு நெனச்சு விட்டுடுவியேம்மா. மாமாவுக்குக் கிட்னி யாரு குடுப்பா?"

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் அதிகம் சிரிக்கிற ஜென்மம் இல்லை. ஆகவே குறைத்து வைத்த தடவைகள்தான் கூடுதலாக இருக்க வேண்டும். தராசு நேற்று எழுபத்தொன்று காட்டியது. அப்படியானால் நான் உண்மையில் எவ்வளவு?

எடைக்கற்கள் அலுவலகத்தில் பூட்டியிருக்கின்றன. சாவி வைத்திருக்கிற புது மேலதிகாரி வெளியூரில். வேறு வழியில்லாமல் புடவையை மாற்றிக்கொண்டு தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன மேடம், ஞாயித்துக்கிழமைலகூடவா?"

"ஒண்ணை நிறுத்துப் பாக்கணும்."

"எதை?"

"என்னை."

அவர் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாள் கட்டுகளைப் பார்த்தேன். பிறகு அவர் தராசு மேடையைத் துடைத்துக் கொடுத்தார், ஏறினேன். எழுபது. தம்பி, அந்தக் கணம் எனக்கு அந்தக் கடையே அரண்மனை மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அவரால் தாங்க முடியவில்லை. உங்களிடம் மறைக்கக் கூடாது, அது கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், நாளைக்கே கொண்டுவந்து சரிசெய்துவிடுகிறேன் என்று கையைக் கூப்பிவிட்டார். ஆயுளில் ஒரே ஒரு உண்மை பேசுவதற்கு அவருக்கு இந்த நேரம்தானா கிடைத்தது? அங்கிருந்து அரிசி மண்டிக்குப் போய் மூட்டை நிறுக்கும் மேடையில் ஏறினேன். எழுபத்தைந்து. கரெக்டாக இருக்கும் மேடம் என்று மண்டிக்காரர் நான் கேட்காமலேயே சத்தியம் செய்தார். அதிலிருந்தே விஷயம் புரிந்துவிட்டது. ஆக, வாங்குகிறவன் தராசில் நான் எழுபது, விற்கிறவன் தராசில் எழுபத்தைந்து. நடுவில் எங்கேயோ இருக்கிறேன்.

ஆகவே, தம்பி, நாளைக்கு ஒன்றும் எதிர்பார்க்காதே. ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அந்தத் துறையை உன் மாமா பார்த்துக்கொள்கிறார். எங்கள் தொழிலில் கிராம் என்றால் கிராம்தான். நூறு கிராம் கூடினாலும் கூடியது கூடியதுதான், அதை யாரும் கருணையால் தள்ளிவிடக் கூடாது, தள்ளினால் நானே விடமாட்டேன். தேதி போனால் போகட்டும், மறுபடியும் சுரைக்காயிலிருந்து தொடங்குவேன். நீ போன மாதம், போதும்கா, சாப்பிடு, என்னை இந்த மிஷின் பார்த்துக்கும் என்றாயே, அதை இன்னொரு தரம் சொன்னால் நேரில் வந்து உன் தண்ணீர் டம்ளரைச் சோதனை போடுவேன். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், படித்ததும் மறந்துவிடு. இங்கே யாரும் வருத்தமாக இல்லை. நான் தனியாக அவித்ததைத் தின்னக் கூடாதென்று இவர்கள் இரண்டு பேரும் அதையே தின்கிறார்கள். உன் மாமாவின் கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பரிமாறுகிறார். மூன்று பேரும் சுரைக்காயைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். இந்த வீட்டில் மேசையில் இவ்வளவு பேச்சு இதற்கு முன் இருந்ததில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு ஊசி போடுகிற சிஸ்டருக்கு என் வணக்கம். நூறாண்டு வாழ்க என்று முடிப்பது வழக்கம். அளந்து பார்க்க முடியாததற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. நாளைக்கு நன்றாக இரு. அதற்கு மறுநாளும்.

இப்படிக்கு,
எடை தெரியாத உன் அக்கா

பி.கு. இதை நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எடை பார்க்கும் அறையில் ஏறி நின்றேன். எழுபத்தொன்று, தொள்ளாயிரம். நர்ஸ், "பாஸ்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். உன் மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். அப்படியே இறங்கி வந்திருக்கலாம். மட்டம் பார்க்க அந்தத் தராசில் ஒரு கண்ணாடிக் குமிழி இருந்தது, அது ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. குனிந்து பார்த்தால், தராசின் ஒரு கால் ரப்பர் விரிப்பின்மேல் ஏறி நிற்கிறது. அப்படி நின்றால் எடை குறைத்துக் காட்டும். "வேணாம்மா," என்று மகள் காதோடு சொன்னாள். விரிப்பை இழுத்துவிட்டு, கால்களைத் திருகி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏறினேன். எழுபத்திரண்டு, நூற்றைம்பது. நர்ஸ் பேனாவைக் கையில் வைத்தபடி, "நீங்க எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார். அடித்து எழுதச் சொன்னேன். டாக்டர் வந்து, அடித்து எழுதியிருந்ததைப் பார்த்து, காரணத்தைக் கேட்டார். "நூத்தம்பது கிராம்தானே? ஒரு கிட்னி கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அதை நாங்களே எடுத்துக்கறோம்," என்றார். தேதி மாறவில்லை. நேற்று எழுதியதை இன்று நானே மீறுகிறேன்: அவர் சொன்ன எடை சரியா என்று நான் சோதிக்கப் போவதில்லை.