ருக்கு மிஸ் அலிஃப் கடந்த படலம்

வாழ்க ருக்கு! ஆஸ்டின் டவுன் ஈன்ற அருந்தவச் செல்வி, ஆறுமாத கம்ப்யூட்டர் டிப்ளமோ என்னும் அழியாக் கவசம் பூண்டாள், அலறும் யு.பி.எஸ்ஸை ஒரே தட்டில் அடக்கும் செங்கரத்தாள் வாழ்க! அவள் வென்ற கதை சொல்லப் புகுந்தோம். மௌஸுக்குள் உருளும் உருண்டைத் தெய்வமே, காப்பு!

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மாசித் திங்களில், சிவாஜிநகர்ப் பள்ளியொன்றின் அரபி சார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட, அவர் திரும்பும்வரை இரண்டாம் வகுப்புக்கு அரபி புகட்டவென்று நிர்வாகம் ஒரு சி.டி. வாங்கியது. அரபியில் ஓரெழுத்தும் அறியாத தற்காலிக ஆசிரியை ருக்குவின் கையில் அது வந்து விழுந்தபோது காலை எட்டரை. ஒன்பதுக்கு வகுப்பு.

கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று எச்.எம். மேடம் ஆணையிட்டார்: “நாலு எழுத்தாவது ஓடணும் ருக்கு. ஓடிச்சுன்னா ஜூன்ல நீ பர்மனென்ட். இல்லாட்டி இந்த ரூம்ல தையல் மெஷின் போட்டுருவேன்.” சொன்னவர் நகரவில்லை. அங்கிருந்து அவருக்குத் திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

“ஃபிங்கர் ஆன் த லிப்ஸ்” என்று ருக்கு முழங்க, நாற்பது பிஞ்சு விரல்கள் நாற்பது வாய்களுக்கு முத்திரையிட்டன. திரையில் தோன்றினான் அலிஃப், அரபி எழுத்துகளின் முதல்வன், நெட்டைக் குச்சியாய். அவனுக்கு இருபுறமும் இரண்டு அம்புகள். தமிழும் இங்கிலீஷும் படித்து, முன்னேற்றமென்றாலே வலப்பக்கம் என்று வளர்ந்த வீராங்கனை, மூஷிகத்தைச் செலுத்தி வலது அம்பை அமுக்கினாள். முரசு அதிர்ந்தது, ஒட்டகம் ஆடியது, ‘அஹ்லன் வ சஹ்லன்’ என வரவேற்றது முகப்புப் பக்கம். அட கடவுளே, புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. மீண்டும் அலிஃப், மீண்டும் அம்பு, மீண்டும் ஒட்டகம். ஏழு படையெடுப்பு, ஏழு ஒட்டகம்!

அந்தி தவறாமல் மதரசாவில் வலமிருந்து இடமாக ஓதும் அந்த நாற்பது பேருக்கும் வழி தெரியும். வாயைத்தான் மிஸ் பூட்டிவிட்டாளே. ஆகவே நாற்பது இடக்கைகள் நீண்டு இடப்பக்கத்தைச் சுட்டின. அப்பக்கம் வாசல், வாசலைத் தாண்டினால் கழிவறை.

“யாரும் ஒண்ணுக்குப் போகக்கூடாது. பெல் அடிக்கட்டும்” என்றாள் ருக்கு.

எச்.எம். மேடமோ சுவரோரம் எத்தனை தையல் மெஷின் கொள்ளும் என்று சாணால் அளக்கத் தொடங்கிவிட்டார். மறுபடி பழைய ஜெராக்ஸ் கடை வேலைதான் கதி என்று நினைத்தாள் ருக்கு.

அப்போது முதல் பெஞ்சு ருபீனா, எவர் ஆணைக்கும் அஞ்சா ஏழு வயதினள், முத்திரை உடைத்து உரைத்தாள்: “மிஸ், அரபி அந்தாண்டதான் போவும் மிஸ். நாங்க லெஃப்ட் அம்பைக் காட்டுறோம், நீங்க பாக்கவே மாட்டேங்குறீங்க.”

பாய்ந்தது இடது அம்பு! அலிஃப் வீழ்ந்தான், பா வந்தது, தா வந்தது, ஸா வந்தது, நாற்பது குரலும் சேர்ந்து கூவிய கூவலில் ரஸல் மார்க்கெட்டுப் புறாக்கள் திசை எட்டும் சிதறின. எச்.எம். மேடம் அளந்த கையை மடக்கினார். “சரி ருக்கு, மெஷின் வேணாம். ஜூன்ல ஆர்டர் வாங்கிக்கோ.”

மூன்றாம் பெஞ்சு அர்ஷியாவுக்கு மட்டும் நிஜமாகவே ஒண்ணுக்கு வந்திருந்ததால், ருக்கு தரை துடைக்க மாப்பு எடுத்துவரப் போனாள்.