உரிமையாளர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்

அறிவு முழுவதையும் மாமன் வழியில் பெற்றுவிட்ட அருமை மருமகளுக்கு, மாமன் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அத்தையும் சுகம், என்னைப் பார்க்கும் நேரம் தவிர. இனி நான் சொல்லப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒரு ஜீவன் நம்பாது. நம்பினால் அது ஜீவனே இல்லை என்று கையடித்துச் சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன்.

நீ வரைந்து கொடுத்த திட்டப்படி எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் ஏறி ஐந்து மாதமாகிறது. முப்பத்தாறு வீட்டுக்கும் பொது. "யாரோ ஒருத்தர் சொத்தா ஆயிடக் கூடாது மாமா, ஆச்சுன்னா உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நீ விரலை ஆட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அரசாங்கமும் அதையேதான் சொன்னது. மக்கள் கூடித் தாங்களே மின்சாரம் செய்தால் இணைப்பு இலவசம், மிஞ்சியதை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று தெருவுக்குத் தெரு விளம்பரப் பலகை. பலகையில் ஒரு குடும்பம் சிரிக்கிறதே, அவர்கள் வீட்டுக்கும் இன்னும் இணைப்பு வரவில்லை என்று கேள்வி. மாதக் கடைசிக்குள் பதிவு செய்யாவிட்டால் சலுகை போச்சு, தகடுகளில் துணி காயப்போட வேண்டியதுதான்.

முப்பத்தாறு கையெழுத்தோடு மின்சார அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் கருகருவென்ற மீசையோடு வந்து நின்றவர், ஜன்னலை எட்டியபோது மீசை நரைத்துப் பேத்திக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. "உரிமையாளர் பேரு?" என்றார் எழுத்தர். "முப்பத்தாறு வீடும்தாங்க." "அது பேரா? கம்ப்யூட்டர்ல ஒரு கட்டந்தான் இருக்கு. ஒரு ஆள் பேரச் சொல்லுங்க." "திட்டமே கூட்டா வச்சுக்கறதுக்குத்தானே?" "திட்டம் மேலிடத்துல போட்டது. கட்டம் இங்க போட்டது. ரெண்டும் இன்னும் சந்திச்சுக்கல."

மாடிப்படியில் கூட்டம் போட்டோம். மூணாவது மாடித் தையல்காரம்மா, கரண்ட் போனால் மிஷின் நின்று, மிஷின் நின்றால் அடுப்பும் நிற்கிற வீடு அது, "யோவ் பெரிசு, என் பேரப் போட்டுறாத, பல்பு எரியலேன்னா என் கதவத்தான் உடைப்பாங்க" என்றாள். "பெரிசு பேரப் போட்டா மொத்த மாடியும் என்னோடதும்பாரு" என்றார் பஸ் டிரைவர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கடைசியில் என்ன செஞ்சோம் தெரியுமா? ஒரு ஆளையே செஞ்சோம்! பெயர் நம்மாள். டிரைவர் நெற்றி, தையல்காரம்மா கண்ணு, கம்பீரத்துக்காக என் மூக்கு, எல்லாத்தையும் ஒட்டி ஒரு போட்டோ. கம்ப்யூட்டர் அவனைக் கண்டதும் கட்டிக்கொண்டது. முப்பத்தாறு உயிருக்கு இல்லாத கட்டம், உயிரே இல்லாதவனுக்குக் கிடைச்சுது. மறுவாரம் கூட்டுரிமை பற்றிப் பேச மாநாட்டுக்கு அவனைக் கூப்பிட்டாங்க. போகலை. ஆனாலும் பிரமாதமா பேசினான்னு அறிக்கை வந்தது.

பிறகு வந்தார் பரிசோதகர். உரிமையாளரை நேரில் பார்க்காமல் இணைப்பு இல்லையாம். முதல் தடவை வெளியூர்னோம். ரெண்டாம் தடவை காய்ச்சல்னோம். மூணாம் தடவை டிரைவர் பதறிப்போய் "அவரு செத்துட்டாருங்க" என்று உளறிவிட்டார். பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு நிமிஷம் மௌனம் காத்து, பிறகு பேனாவை எடுத்தார். "வாரிசு யாரு? ஒரு பேருதான் சொல்லணும். ஒரு கட்டந்தான் இருக்கு." முப்பத்தாறு வீடும் வாய்விட்டு அழுதது, நிஜ அழுகை. தேதியும் முடிஞ்சு போச்சு. தகடுகள் ஒண்ணுக்கும் உதவாமல் வெயில் காயுது, நானும் கூடவே காயுறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் வீட்டு விளக்கு ஒருநாளும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
இருட்டில் தடவித் தடவிக் கையெழுத்திடும்
உன் மாமன்

பி.கு.: மேலே உள்ள இருட்டு பொய். நம்மாள் பொய், அவன் சாவும் பொய், நரைத்த மீசையும் பொய். அந்த ஒரு கட்டம் மட்டும் உண்மை. கடைசி நாள், ஜன்னலை மூட நாலு நிமிஷம் இருக்கும்போது, அதில் என் பெயரை எழுதிவிட்டேன் அம்மா. இணைப்பு வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. இன்று காலை தையல்காரம்மா வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "மிஷின் ஓட்டிக்கட்டுங்களா ஐயா?" என்று கேட்டாள். "என்னை ஏன் தாயி கேக்கறே, போய் ஓட்டு" என்றேன். "இல்லீங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..." என்று நின்றுகொண்டே இருந்தாள்.