மூன்றாம் பக்கத்துக் கறை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயிலிருக்கும் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். இருப்பது இரண்டுதான் என்றாலும் சத்தியம் சத்தியமே. அந்தக் கறை மீன் குழம்புக் கறை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

"என்னா சார் இது?" என்று மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார் தலைமையாசிரியர் ஜவஹர் அலி.

கணக்கு வாத்தியார் சோமசேகரன் எட்டிப் பார்த்தார். பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்காக அவர் கைப்பட எழுதிய நாலு பக்கக் குறிப்பு அது. வேறெதையும் படிக்க வேண்டாம், இதைப் படித்தால் பாஸ் என்று சொல்லி, அன்று காலைதான் எண்பது நகல் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இன்டக்ரேஷன் சூத்திரம். 'யூ வி' இருந்தது. கடைசியில் 'இன்டக்ரல் வி டி யூ' இருந்தது. இரண்டுக்கும் நடுவில், பிளஸ்ஸோ மைனஸோ இருக்க வேண்டிய இடத்தில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை.

"மீன் குழம்பு சார். சாப்பிட்டுக்கிட்டே எழுதுனேன். ஒரு சொட்டு விழுந்துடுச்சு."

"என்னா மீனு?"

சோமசேகரன் கொஞ்ச நேரம் யோசித்தார். "கடல் மீன் சார்."

"சரி, அதுக்குக் கீழ என்னா இருக்கு? பிளஸ்ஸா, மைனஸா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் கேட்டேன்." ஜவஹர் அலி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். "எப்படியாவது சரி பண்ணிடுங்க. ஒரு புள்ளை ஃபெயிலானாலும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ரெடியா இருக்கு. ஏனாம்."

ஏனாமும் நம் காரைக்காலைப் போலப் புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான். ஆனால் அது ஆந்திராவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் தெலுங்கில் சந்தேகம் கேட்பார்கள். தமிழில் கேட்டாலே சோமசேகரனுக்குச் சந்தேகங்கள் பிடிப்பதில்லை. அவரையும் குறை சொல்வதற்கில்லை. வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு சரிபார்ப்பு, கொசு ஒழிப்பு ஊர்வலம் என்று ஆறு வருஷம் அலைந்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பியதே போன ஜூனில்தான்.

பாடப்புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். புத்தகங்கள் இன்னும் வந்து சேரவில்லை. மார்ச் மாதம்தானே ஆகிறது.

வீட்டுக்குப் போய், மூலத்தாளில் இருந்த கறையைப் பிளேடால் சுரண்டினார். கறை போயிற்று, கூடவே தாளும் போயிற்று. ரஃபீக் ஜெராக்ஸ் கடையில் புதிதாக நாற்பது நகல் எடுத்தபோது, கறை இருந்த இடத்தில் அழகாக ஒரு வளையம் வந்தது.

மறுநாள் வகுப்பில் பாதிப் பேரிடம் புள்ளி, பாதிப் பேரிடம் வளையம்.

"சார், யூ வி புள்ளியா, யூ வி வளையமா?" என்று எழுந்தாள் பாரதிப்ரியா. பட்டினச்சேரிப் பெண். அவள் அம்மா அமிர்தம் காரைக்கால் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்பவள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. மீன் குழம்பு."

"எங்க வீட்டு நோட்டு பூரா மீன் குழம்புதான் சார். சுத்தி எண்ணெ கோத்துக்கிட்டு நிக்கும். இது அப்படி இல்லியே?"

"ஜெராக்ஸ்ல எண்ணெ தெரியுமா? உக்காரு."

"அப்ப பரீட்சையில என்னத்த சார் போடுறது? பிளஸ்ஸா, மைனஸா?"

"எல்லாத்தையும் நானே சொல்லிட்டா நீ எப்ப சிந்திக்கிறது?"

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு போட்டார்: 'மூன்றாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதவும். வளையம் கிடைத்தவர்கள் அதை நிரப்பிப் புள்ளியாக்கிக்கொள்ளவும். யாரும் சொந்த மூளையைப் பயன்படுத்த வேண்டாம்.'

நம் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். சூத்திரத்தைப் புள்ளியோடு மனப்பாடம் செய்தார்கள். ஷகீல் என்ற பையன், அளவு பிசகக் கூடாதென்று மிளகைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து பழகினான். அவன் அம்மா ஷரீபுன்னிசா ரசத்துக்கு மிளகில்லாமல் தவித்தார்.

ஒரே வாரத்தில் குறிப்பு வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகப்பட்டினம் போய், வழவழப்பான தாளில் அச்சாகி, 'நாகை ஸ்பெஷல்' என்று திரும்பி வந்தது. ஜவஹர் அலி காசு கொடுத்து ஒன்று வாங்கி வந்து மேசையில் போட்டார்.

"பாருங்க சார்! தமிழ்நாட்டுக்காரன் எவ்வளவு தெளிவா போட்டிருக்கான். நீங்களும் போட்டீங்களே!"

சோமசேகரன் பரபரப்போடு மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே புள்ளியைச் சிவப்பு மையில் உருண்டையாகப் போட்டு, பக்கத்தில் 'மிக முக்கியம்' என்று எழுதியிருந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது.

பரீட்சையில் அந்தச் சூத்திரமே வந்தது. எண்பது பேரும் புள்ளி வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் எத்தனை பேர் வைத்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

விடைத்தாள் திருத்தியவர்கள் முதல் தாளில் புள்ளியைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்தாவது தாளில் சிரிப்பு நின்றது. ஐம்பதாவது தாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புது முறை போலருக்கு," என்றார் மூத்தவரான தமிழ்வேந்தன்.

"போன வருஷமே வந்துடுச்சே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அடுத்தவர்.

"தெரியுமே," என்றார்கள் எல்லாரும்.

எல்லாருக்கும் முழு மதிப்பெண். குறிப்பு கிடைக்காத வேறு பள்ளியிலிருந்து ஒரு சுரக்குடிப் பையன் மைனஸ் போட்டிருந்தான். பழைய முறை என்று அவனுக்கு மட்டும் அரை மதிப்பெண் குறைத்தார்கள்.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி! பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் சோமசேகரன், பக்கத்தில் ஒன்றும் புரியாமல் அவர் மனைவி உமாமகேஸ்வரி. வியாபாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த அமிர்தம், காலி மீன் கூடையோடு முதல் வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடை வாசனை மேடைக்கு வர, உமாமகேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஜவஹர் அலி சட்டைப்பையிலிருந்து ஏனாம் மாறுதல் ஆணையை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இனிமே இது நமக்கு எதுக்கு? இதோ, உங்க முன்னாடியே கிழிக்கிறேன். இந்தப் பெருமையெல்லாம் சார் வீட்டுல அன்னைக்குச் சிந்துன ஒரு சொட்டு மீன் குழம்புக்குத்தான்!"

ஆணை கால்வாசி கிழிந்திருந்தபோது அமிர்தம் எழுந்து நின்றாள்.

"சார் வீட்டுலயா? பதினெட்டு வருசமா அந்தத் தெருவுல கூடை எறக்குறேங்க, அவங்க மூணு தலமொறையா சைவமாச்சே!"